கருவுற்றோர் பேணலும் காவிரிப்படுகைப் பெண்டிரும்: ஒரு வரலாற்று நோக்கு

குழந்தை பிறக்குமுன்பே கருவுற்ற தாயை முறையாகச் சோதித்துப் பேணுதல் மிகப் பழைய வழக்கமன்று. 1901-இல் எடின்பரோ மருத்துவமனையில் மருத்துவர் பாலன்டைன் இதற்கெனப் பெற்ற தனிப் படுக்கையையே அதன் தொடக்கமாகக் கூறுவர். நோவு கண்டபின் உதவி நாடுவது இயல்பு. நோவற்ற வேளையில், நடவை விட்டு மருத்துவமனைக்கு வா என்பதோ புதுவகை அழைப்பு. அதனைத் தஞ்சைத் தரணிப் பெண்கள் உடனே ஏற்கவில்லை. அறியாமையே காரணம் என்று சொல்லிவிடுவது நமக்கு எளிது.

1890-களில் திண்டிவனத்தில் ஐடா ஸ்கடர் கண்ட அந்த ஓர் இரவை நம் பிரசங்கபீடங்கள் அடிக்கடி நினைவுகூரும். பிராமணர் ஒருவர், இஸ்லாமியர் ஒருவர், வேறொரு மேற்குல இந்து ஒருவர் ஆகிய மூவரும் பேறுகால வேதனையிலிருந்த தம் மனைவியர்க்கு உதவி தேடி வந்தனர். அவருடைய தந்தையாகிய ஆண் மருத்துவரை ஏற்க மறுத்தனர். மூன்று பெண்களும் மாண்டனர். இதிலிருந்து ஊழிய அழைப்பை மட்டுமே நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆயினும் அம்மூவரும் உதவியின் தேவையை அறியாதவரல்லர். அறிந்தே நள்ளிரவில் வந்தவர்கள். யார் கையால் உதவி வரும் என்பதே தடையாயிற்று. முடிவு செய்தவர்களும் கணவன்மாரே. அப்பெண்களிடம் எவரும் கேட்டதாகக் கதையில் இல்லை. சென்னையில் மேரி ஷார்லிப் அம்மையார் 1885-இல் தொடங்கிய பெண்கள் மருத்துவமனை, 'சாதிப் பெண்கள், கோஷாப் பெண்கள்' என்று தன் பெயரிலேயே யாரை எதிர்நோக்கியது என அறிவித்தது.

காவிரிப்படுகையில் ஊருக்கும் சேரிக்கும் இடையே வயல் கிடந்தது. ஊரில் நாவிதர் குலத்து மருத்துவச்சி பேறு பார்த்தாள். சேரியில் அங்குள்ள மூதாட்டியரே பார்த்தனர். யாத்திராகமத்தின் சிப்பிராளும் பூவாளும் பெயரோடு நினைக்கப்படுகின்றனர். இவர்களுள் ஒருத்தியின் பெயரையேனும் நம் சபை வரலாறுகளில் நான் கண்டதில்லை. தஞ்சை நகரின் இராஜா மிராசுதார் மருத்துவமனையின் பெயரில் அரசரும் நிலக்கிழாரும் இருக்கின்றனர். அவர்தம் வயல்களில் குனிந்து நட்டவள் அவ்வாசலை எவ்வளவு தயக்கத்தோடு அணுகியிருப்பாள்! நாமும் குற்றமற்றவரல்லோம். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதியை விட்டொழிக்கப் பணித்தபோது தஞ்சைச் சபையில் பலர் எதிர்த்து நின்றனர். ஒரே பாத்திரத்தில் பருகத் தயங்கிய சமுதாயத்தில், சேரிப்பெண்ணின் வயிற்றைத் தொட்டுச் சோதிக்கும் கைகள் எளிதில் கிடைத்திரா.

இதற்குமேல் கூலி. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கும் ஆண்டுகளில் குறுவை நடவு தொடங்கும். அதன்பின் சம்பா, தாளடி. சோதனைக்குப் போகும் நாள் அவளுக்குக் கூலியற்ற நாள். தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் வழக்கமும் உண்டு. அன்பு நிறைந்த வழக்கமே. ஆயினும் புகுந்த ஊரில் தொடங்கிய கவனிப்பு பிறந்த ஊரில் அறுபட்டது. 2008-இல் தமிழக அரசு கருவுற்றோர்க்கு வழங்கத் தொடங்கிய பதிவு எண் இத்தகைய குறைக்கு ஓரளவு மருந்தாயிற்று.

இழந்த கூலியை ஈடுசெய்யவும் ஊட்டம் அளிக்கவும் 1987-இல் வந்தது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் அமைந்த மகப்பேறு நிதியுதவி. தொடக்கத்தில் 300 ரூபாய், 2006-இல் 6,000, 2018-இல் 18,000. பின்னாளில் தவணைகள் சோதனைகளோடு பிணைக்கப்பட்டன. பெண் வரவில்லையே என்று கடிவதை விட்டு, அவள் வருவதற்கு என்ன செலவாகிறது என்று கணக்கிட்டதே இத்திட்டத்தின் சிறப்பு. ஆனால் இரண்டு பேறுகளுக்கு மட்டுமே உதவி என்ற வரையறை, மூன்றாம் முறை கருவுற்று மேலும் நலிந்திருப்பவளை வெளியே நிறுத்துகிறது. இது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. வாசலைத் தாண்டி அவள் வந்துவிட்டாள். அதே கணக்கெடுப்பில் கருவுற்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இரத்தசோகையுடையோர். மாத்திரை அவள் கைக்கு வருகிறது. கீரையும் முட்டையும் அவள் தட்டில் எப்பொழுது, யாருக்குப் பின் விழுகின்றன என்பதை எந்தப் பதிவேடும் எழுதுவதில்லை.