நாட்குறிப்பு எழுதாத போராளி

யாழ்நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து ஊர்காவற்றுறை நோக்கிச் செல்வோர் முதலிற் காணும் ஊர்களில் ஒன்று அல்லைப்பிட்டி. 1983 யூலை வன்செயல்களின் பின்னர் பாடசாலை மாணவர்கள் பலர் தாமாகவே இயக்கங்களிற் சேர்ந்தபோது, இவ்வூரைச் சேர்ந்த அந்தோனிதாசன் யேசுதாசனும் விடுதலைப் புலிகளுடன் இணைந்தார். அப்போது அவர் பதின்ம வயதினர். சில ஆண்டுகளில் விலகி, தாய்லாந்திற் சில காலம் இருந்து, 1993இல் பிரான்சை அடைந்தார். அங்கே உடலுழைப்பில் வாழ்ந்த அவரையே ஷோபாசக்தி என்ற பெயரிற் தமிழுலகம் அறியும்.

ஈழப்போரின் களக்குறிப்பு என்றதும் நினைவுக்கு வருவது மலரவனின் ‘போர் உலா’. 1990இல் மாங்குளம் முகாம் மீதான தாக்குதலுக்குச் சென்ற அனுபவத்தை அது கூறுகிறது. மலரவன் 1992இல் களத்தில் மடிந்தார். தாம் எழுதியதை நடுவயதில் மீண்டும் படித்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

அந்த வாய்ப்பு ஷோபாசக்திக்குக் கிடைத்தது. ஆனால் அவர் தந்தது நாட்குறிப்பு அல்ல, நாவல். 2001இல் வெளிவந்த ‘கொரில்லா’, பிரெஞ்சு அதிகாரிகளுக்கு எழுதிய அகதி விண்ணப்பத்துடன் தொடங்குகிறது. பின்னர் தீவுப்பகுதிச் சிறுவன் ரொக்கிராஜின் கதை அடிக்குறிப்புகளுடன் விரிகிறது. இந்த அமைப்பு வெறும் உத்தி அன்று என்பது என் கருத்து. அகதி விண்ணப்பத்தில் திகதி, கைது, சித்திரவதை ஆகியவற்றுக்கு இடமுண்டு. தோழனைச் சந்தேகித்ததற்கும், தன் இயக்கத்துக்கே அஞ்சியதற்கும் அங்கே இடமில்லை. விண்ணப்பத்தில் அடங்காததை நாவல் சொன்னது.

2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’ படத்தில், பாரிஸ் புறநகரிற் குடியிருப்புக் காவலாளியாக வாழும் முன்னாட் போராளியாக அவரே நடித்தார். அவர் விட்டுவந்த ஊருக்கோ அமைதி கிட்டவில்லை. 1990இல் இராணுவம் தீவுப்பகுதியைக் கைப்பற்றியது, மக்கள் இடம்பெயர்ந்தனர். 2006 மே 13இல் அல்லைப்பிட்டியில் ஒரே வீட்டில் குழந்தைகள் உட்படப் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

2009இன் பின்னர் ஏறத்தாழ 12,000 முன்னாட் போராளிகள் அரசின் புனர்வாழ்வு முகாம்கள் வழியாக வெளிவந்தனர். அவர்களுட் பலரது வாக்குமூலம் விசாரணைக் கோப்புகளில் மட்டுமே இருக்கும். விசாரிப்பவனுக்குச் சொன்னது வரலாறாகிவிடாது. இன்று மீன்பிடியிலும் மேசன் வேலையிலும் இருக்கும் அவர்கள், ஒரு கொப்பியிலேனும் தம் கதையைத் தமக்காக எழுதிவைக்க வேண்டும். அச்சேற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.