நாலு கதவு ஹெரால்டு: ஒரு ‘இங்கிலீஷ்’ காரின் மெட்ராஸ் கதை

போன மாதம் என் மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். பால் வெள்ளை நிறத்தில் ஒரு பழைய கார். பம்பர் பளபளவென்று மின்னியது. கீழே ஒரு வரி: ‘ஒரிஜினல் பிரிட்டிஷ் ஃபேமிலி கார், முழுசா ரெஸ்டோர் பண்ணது, விலைக்கு வருது, அருப்புக்கோட்டை.’

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்னால் ‘ட்ரையம்ஃப்’ என்ற முத்திரை. பக்கவாட்டில் நான்கு கதவுகள். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

எனக்குச் சொந்த ஊர் திருச்சுழிப் பக்கம். பிழைப்பு சென்னையில், மென்பொருள் வேலை. அடுத்த முறை ஊருக்குப் போனபோது நேரில் போய்ப் பார்த்துவிட்டேன். வண்டிக்காரர் அறுபதைத் தாண்டியவர். ஒர்க்‌ஷாப் வைத்திருந்து, இப்போது மகனிடம் ஒப்படைத்துவிட்டு, பழைய வண்டிகளைப் பொழுதுபோக்காகச் சரிசெய்கிறார். வேலை சுத்தம். டிங்கரிங்கில் ஒரு நெளிவு கிடையாது, கதவு ‘டப்’பென்று ஒரே சத்தத்தில் மூடுகிறது.

“அக்மார்க் இங்கிலீஷ் வண்டி தம்பி. லண்டன்லயிருந்து கப்பல்ல வந்தது” என்றார்.

“அண்ணாச்சி, இந்த வண்டி வண்டலூரைத் தாண்டி வந்திருக்கும். கடலைத் தாண்டி வந்திருக்காது” என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

நான் சொன்னதற்குக் காரணம் அந்த நாலு கதவு. ட்ரையம்ஃப் ஹெரால்டு இங்கிலாந்தில் 1959 ஏப்ரலில் வெளிவந்தது. வடிவமைத்தவர் ஜியோவானி மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். 1971 வரை இங்கிலாந்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். மூடிய கார், கூபே, கூரை திறக்கும் கார், எஸ்டேட், வேன் என்று பல உருவங்கள் உண்டு. ஆனால் ஒன்றில்கூடப் பின் இருக்கைக்குத் தனிக் கதவு கிடையாது. பக்கத்துக்கு ஒரே கதவுதான். முன் இருக்கையைச் சாய்த்துவிட்டுத்தான் பின்னால் நுழையணும். நாலு கதவு ஹெரால்டு உலகத்தில் ஓரிடத்தில்தான் பிறந்தது. நம்ம மெட்ராசில்.

அது எப்படி நடந்தது? கொஞ்சம் பின்னால் போகலாம்.

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் 1903-ல் தொடங்கப்பட்டது ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயத்தில் ட்ரையம்ஃப் கம்பெனியை வாங்கியது. சுதந்திரம் வந்த சில ஆண்டுகளுக்குள் அதன் கார்களை இங்கே தயாரிக்க, மெட்ராசைச் சேர்ந்த யூனியன் கம்பெனி மோட்டார்ஸுடன் கூட்டாக ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா உருவானது. தொழிற்சாலை ஜி.எஸ்.டி. சாலையில், பெருங்களத்தூர் – வண்டலூர்ப் பக்கம். முதலில் வான்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு 8, ஸ்டாண்டர்டு 10. அதே காலத்தில் வடசென்னைப் பக்கம் எண்ணூரில், 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. அதுதான் பின்னால் அசோக் லேலண்டு ஆகி லாரிக்கும் பஸ்ஸுக்கும் போனது. நகரத்தின் இரண்டு முனையிலும் இரண்டு பிரிட்டிஷ் குடும்பக் கார்கள்!

1953-ல் மத்திய அரசு ஒரு முடிவெடுத்தது. வெளிநாட்டிலிருந்து உதிரிகளைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பது மட்டும் இனிமேல் நடக்காது. பாகங்களையே இங்கு செய்ய யாரிடம் திட்டம் இருக்கிறதோ அவர்கள் இருக்கலாம், மற்றவர்கள் கிளம்பலாம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. ஸ்டாண்டர்டு தங்கியது. அடுத்த 30 ஆண்டுகளுக்கு இந்தியக் குடும்பம் கார் வாங்க நினைத்தால் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்ற மூன்று பெயர்கள்தான் நினைவுக்கு வரும்.

ஹெரால்டு 1961-ல் இங்கே வந்தது, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில். இந்தக் காரின் உடம்பில் ஒரு விசேஷம் உண்டு. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் உடம்பையும் சேசிஸையும் ஒரே கூடாக வார்க்கத் தொடங்கிவிட்டன. ஸ்டாண்டர்டால் அது முடியவில்லை. அதற்குக் கார்க்கூடு செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் செய்து தர வேறு ஆள் இல்லை. அதனால் சேசிஸைத் தனியாக வைத்து, உடம்பைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, போல்ட் போட்டு முடுக்கினார்கள். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் மாட்யூலர் டிசைன். இக்கட்டில் பிறந்த யோசனை, ஆனால் பெட்டிகளில் அடுக்கி அனுப்பி வேறு நாட்டில் பூட்டுவதற்கு இதைவிட வசதி வேறில்லை. கூரையும் முடுக்கினது, பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். ஒரு பகுதியை மாற்றணும் என்றால் முழு வண்டியையும் கலைக்க வேண்டியதில்லை.

அந்த வசதிதான் நம்ம ஆட்களுக்கும் கைகொடுத்திருக்க வேண்டும். தாத்தா, பாட்டி, பிள்ளைகள் என்று ஏழு பேர் ஏறுகிற ஊரில் ரெண்டு கதவு கார் எத்தனை நாள் விற்கும்? 60-களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கென்றே நாலு கதவு வண்டியை உருவாக்கினார்கள். ஐந்து கதவு எஸ்டேட்டும் வந்தது. எஞ்சினிலும் ஒரு சாட்சி இருக்கிறது. இங்கிலாந்தில் ஹெரால்டு எஞ்சின் 948 சி.சி.-யில் தொடங்கி 1147, 1296 என்று வளர்ந்தது. இங்கே கடைசி வரை 948-தான்.

பெயரில் இன்னும் வேடிக்கை. இங்கிலாந்தில் லேலண்டு கம்பெனி 1961-ல் ஸ்டாண்டர்டு–ட்ரையம்ஃப் நிறுவனத்தை வாங்கியது. 1963-க்குப் பிறகு அங்கே ‘ஸ்டாண்டர்டு’ என்ற பெயரில் கார் கிடையாது. தாய்வீட்டில் செத்துப்போன பெயர், மெட்ராசில் 1988 வரை, ஸ்டாண்டர்டு 2000 நிற்கும்வரை, இன்னொரு 25 வருஷம் வாழ்ந்தது. அப்பேர்ப்பட்ட பெயரைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் அண்ணாச்சி இணையத்தில் ட்ரையம்ஃப் முத்திரை வரவழைத்து ஒட்டியிருந்தார்.

இதில் எனக்கென்ன வந்தது என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் ஒரு ஹெரால்டு கதை இருக்கிறது.

1974 பங்குனி மாதம். கரிசல்காட்டில் பருத்தி எடுப்பு நடந்துகொண்டிருந்தது. அப்பத்தாவுக்குக் கடைசிப் பிரசவம், ரெண்டு நாளாக வலி எடுத்தும் பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அன்றைக்கு ஊருக்குள் பருத்தி விலை பேச வந்திருந்த அருப்புக்கோட்டை வியாபாரி ஒருவரிடம் பச்சை நிற ஹெரால்டு இருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் பின் சீட்டில் இருந்த சாம்பிள் பஞ்சுப் பொட்டலங்களை அள்ளிக் கீழே போட்டாராம். பின் கதவைத் திறந்து, அப்பத்தாவைப் படுத்தவாக்கில் உள்ளே நகர்த்தி, மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பிறந்தவர்தான் என் கடைசி அத்தை. இப்போதும் சொந்தத்தில் அவருக்கு ‘காருக்காரி’ என்றுதான் பெயர்.

“பின்னாடி ஆளு ஏறுனா அந்த வண்டி சக்கரம் காலைப் பரப்பிக்கிட்டு நிக்கும்டா. பாதை நெடுக எனக்கு அந்தப் பயம்தான்” என்று அப்பா சொல்வார். பயம் நியாயமானது. ஹெரால்டின் பின் அச்சு நடுவில் மூட்டு வைத்து, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஆடுகிற மாதிரி அமைந்தது. பாரம் ஏறினால் சக்கரத்தின் அடிப்பகுதி வெளியே தள்ளும். வேகமாகத் திருப்பினால் மடங்கும். நம்ம வண்டிப்பாதைகளுக்கும் நம்ம மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவேயில்லை. அதனால்தான் 70-களின் தொடக்கத்தில் வந்த ஸ்டாண்டர்டு கஸெல் காரில் அந்த அச்சைத் தூக்கிவிட்டு, சாதாரண ஒற்றை அச்சைப் போட்டார்கள். நம் சாலைகள் அந்த வண்டியின் டிசைனைத் திருத்தியிருக்கின்றன!

இப்போது அந்த நாலு கதவை மறுபடி யோசித்துப் பாருங்கள். லண்டனிலிருந்து வந்த ரெண்டு கதவு ஹெரால்டாக இருந்திருந்தால், ரெண்டு நாள் வலியில் துவண்ட ஒரு பொம்பளையை எப்படிப் பின் சீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள்? எது இந்தக் காரை ‘ஒரிஜினல் பிரிட்டிஷ்’ இல்லை என்று காட்டுகிறதோ, அதற்குத்தான் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

அண்ணாச்சியிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே துணியில் சுற்றிய பழைய ஸ்டாண்டர்டு முத்திரை. தூக்கிப் போட மனசு வரவில்லையாம்.

“ஸ்டாண்டர்டுன்னு ஒட்டுனா பாதி விலைக்குக் கேப்பான் தம்பி. ட்ரையம்ஃப்னாதான் கோயம்புத்தூர், பெங்களூர்க்காரன் திரும்பிப் பாக்கான்.”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். சேசிஸ் வரை கழற்றிச் சரிசெய்திருக்கிறார். உப்புக்காற்று எட்டாத மானாவாரி பூமி என்பதால் இரும்பு அவ்வளவாக அரிக்கவில்லை. இங்கிலாந்தில் குளிர்காலச் சாலை உப்பில் ஊறி ஹெரால்டு சேசிஸ்கள் இற்றுப்போனதோடு ஒப்பிட்டால் இது அதிர்ஷ்டம். அந்த உழைப்புக்கு விலை வேண்டாமா? ஆனால் ஒன்று கேட்டேன். “மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான அண்ணாச்சி அம்பாசடர்? அதை யாராவது இங்கிலீஷ் கார்னு சொல்றாங்களா?” 1977-ல் அருப்புக்கோட்டையில் ஜெயித்து முதலமைச்சரான எம்.ஜி.ஆரின் 4777 அம்பாசடரை இன்றும் தி.நகர் நினைவு இல்லத்தில் ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள். அதன் முன்னால் நின்று யாரும் ஆக்ஸ்ஃபோர்டை நினைப்பதில்லை. அம்பாசடருக்குக் கிடைத்த உரிமை ஹெரால்டுக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

சட்டமும் ஒருவகையில் என் பக்கம்தான். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட, அசல் வடிவம் மாறாத வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதியலாம். இந்த வண்டிக்கு அசல் என்பது எது? கவென்ட்ரியா, வண்டலூரா?

நான் வாங்கவில்லை. அடுக்குமாடியில் எனக்கு இருப்பது ஒரு கார் நிறுத்தம், அதிலும் தூண் இடிக்கும். விலையும் நம் கைக்கு அடங்காது. சேசிஸ் தகட்டையும் முத்திரையையும் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதில் எனக்கு இன்னொரு உறுத்தலும் உண்டு. பெருங்களத்தூரில் அந்தத் தொழிற்சாலை இருந்த நிலத்தில் இன்று ஒரு ஐ.டி. பூங்கா நிற்கிறது. அங்கே நான் நாலு வருஷம் வேலை பார்த்தேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டுகள் வரிசையாக வெளியே வந்த மண்ணில் தினமும் காபி குடித்திருக்கிறேன், தெரியாமலே.

பத்து நாள் கழித்து அண்ணாச்சி போன் செய்தார். வண்டி கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. “மெட்ராஸ் வண்டின்னு உள்ளதைச் சொல்லித்தான் வித்தேன் தம்பி. கொஞ்சம் குறைச்சுத்தான் கேட்டான். டப்பாவையும் சேத்துக் குடுத்துவிட்டேன். ஒட்டுறதும் ஒட்டாததும் அவன் பாடு.”

உங்கள் வீட்டுப் பரணில் ஸ்டாண்டர்டு காரின் ஆர்.சி. புக், டெலிவரி ரசீது, கல்யாண ஊர்வலப் படம் எது கிடந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.