நிப்பா என்பது நம்ம ஊர்ப் பேரு

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

நம்ம வாட்ஸ்அப் குழுவுல போன வாரம் கேரளா நிபா காய்ச்சல் பத்தி ஒரு செய்தி சுத்துச்சு. கொலைகாரக் கிருமி, யாரும் ஊர்ப்பக்கம் போகாதீங்கன்னு சிவப்பு எழுத்துல போட்டிருந்தாங்க. தேதி இல்லை. தேடிப் பார்த்தா அது 2018-ல் கோழிக்கோட்டில் நடந்த விஷயம். அதுக்குள்ள ஒரு அம்மா பழனிக்குப் போட்ட டிக்கெட்டை ரத்து பண்ணலாமான்னு கேட்டுட்டாங்க. இளைஞர்கள் சிலர் நிபா என்பது மலையாளச் சொல் என்று நினைச்சிருக்காங்க. இல்லை தம்பிகளா, அது நம்ம நெகிரி செம்பிலானில் உள்ள ஒரு கம்பத்தோட பேரு. சுங்கை நிப்பா.

எப்படி ஒரு ஊர் பேரு வியாதிக்குப் பேரா மாறியதுன்னு சொல்றேன்.

1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல், தலைவலி, பிறகு நினைவு தப்புறதுன்னு ஆரம்பிச்சது. அதை ஜே.இ. என்று சொன்னாங்க, அதாவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். கொசு மூலம் பரவும் பழைய வியாதி. மருந்து அடிக்கிற வண்டி தெருத்தெருவா புகை விட்டுச்சு, பண்ணைக்காரர்களுக்குத் தடுப்பூசி போட்டாங்க. பத்திரிகை, ரேடியோ, காப்பிக்கடை எல்லா இடத்திலும் ஜே.இ., ஜே.இ.தான்.

அந்தப் பேரு மக்கள் மனசுல என்ன செஞ்சதுன்னு யோசிங்க. கொசுதான் எதிரி என்றால் பன்றி எதிரி இல்லை. ஊசி போட்டுக்கிட்டவன் தைரியமா மறுபடியும் கொட்டகைக்குள்ள போனான். சீக்கு வந்த பன்றியை வெறுங்கையால் தூக்கினான். பேராக்கில் பயந்த முதலாளிகள் பன்றிகளை மலிவா விற்க, லாரி லாரியா தெற்கே வந்தது. அதோடு சேர்ந்து கிருமியும் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா வட்டாரத்துக்கு வந்துச்சு.

ஆனால் கணக்கு ஒத்துப்போகல. கொசு ஆள் பார்த்துக் கடிக்காது. சின்னப் பிள்ளை, கிழவி, மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரையும் கடிக்கும். இந்த வியாதியோ பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரிய ஆட்களையே பிடிச்சது. சீனர்கள்தான் அதிகம், நம்ம தொழிலாளர்களும் இருந்தாங்க, பக்கத்திலேயே வசித்த மலாய்க்காரர்களுக்கு அநேகமா ஒன்னுமில்லை. ஊசி போட்டவர்களும் விழுந்தாங்க. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியிடம் எடுத்த மாதிரியை அமெரிக்காவுக்கே எடுத்துப் போய்ப் பரிசோதிச்சார். அது புது வைரஸ். பழம் தின்னும் வௌவாலிடமிருந்து பன்றிக்கு, பன்றியிடமிருந்து மனிதனுக்கு வந்தது. மாதிரி வந்த கம்பத்தின் பேரையே அதுக்கு வச்சாங்க. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டது, 105 பேர் இறந்தாங்க. சிங்கப்பூரில் பன்றி வெட்டும் கூடத்துத் தொழிலாளர்கள் 11 பேருக்கு வந்து ஒருவர் இறந்தார். ராணுவம் இறங்கி அழித்த பன்றிகள் கிட்டத்தட்ட பத்து லட்சம்.

பேரு தப்பா இருந்தப்போ பயப்பட வேண்டிய இடத்தில் பயம் வரல. பேரு மாறினதும் பயம் ஒரு ஊர் மேலேயே போய் உட்கார்ந்துடுச்சு. ஜனங்கள் ஊரைக் காலி பண்ணிட்டுப் போனாங்க. இன்னைக்கும் கேரளாவிலோ வங்காளதேசத்திலோ யாருக்காவது அந்த வியாதி வந்தால், உலகம் முழுக்க அந்தச் சின்னக் கம்பத்தின் பேரைச் சொல்லித்தான் நடுங்குது. அந்த ஊர்க்காரன் என்ன பாவம் செஞ்சான்?

இது புதுசும் இல்லை. 1918-ல் வந்த பெரிய ஃப்ளூவுக்கு ஸ்பானிஷ் ஃப்ளூன்னு பேரு. அது ஸ்பெயினில் பிறக்கல. முதல் உலகப்போரில் மற்ற நாட்டுப் பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தது, போரில் சேராத ஸ்பெயின் மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதுச்சு, உண்மை சொன்னவன் தலையிலேயே பேரைக் கட்டிட்டாங்க. அந்த ஃப்ளூ மலாயா தோட்டங்களுக்கும் வந்து நம்ம பாட்டன்மார் பலரைக் கொண்டு போச்சு. 2009-ல் பன்றிக் காய்ச்சல் என்ற பேரைக் கேட்டே எகிப்து அரசாங்கம் சுமார் மூணு லட்சம் பன்றிகளைக் கொல்லச் சொன்னது. அது மனிதனிடமிருந்து மனிதனுக்குப் பரவிக்கிட்டு இருந்த ஃப்ளூ! இதையெல்லாம் பார்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 2015-ல் இனிமே வியாதிக்கு ஊர், மனிதர், மிருகம் பேரு வைக்காதீங்கன்னு சொன்னது.

சொல்லியும் என்ன ஆச்சு? கோவிட் வந்தப்போ நமக்கே நடந்தது. 2020 நடுவில் கெடாவில் ஒரு கிளஸ்டர். அதுக்கு வச்ச பேரு சிவகங்கா. தமிழ்நாட்டு சிவகங்கையிலிருந்து திரும்பிய ஒருவரிடமிருந்து ஆரம்பிச்சதால் அந்தப் பேரு. சிவனும் கங்கையும் சேர்ந்த பேரு, நம்ம வாயில் தீர்த்தம் மாதிரி வர வேண்டியது. தினமும் செய்தியில் அதைக் கேட்டுக் கேட்டு, நம்ம ஆளுங்களே முகம் சுளிச்சாங்க. ஆலயத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்குற வரிசையில், தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே முடிதிருத்தும் கடை, உணவுக்கடையில் வேலை செய்யும் தம்பிகள் பின்னாடி நிக்க யோசிச்சவங்களை என் கண்ணால் பார்த்தேன். அந்தத் தம்பிகள் வருஷக்கணக்கா ஊர் பக்கமே போகாதவங்க.

அதே வருஷம் நவம்பரில் கிள்ளான் பக்கம் கையுறைத் தொழிற்சாலைத் தொழிலாளர் விடுதிகளில் இன்னொரு கிளஸ்டர். அதுக்குப் பேரு தெராத்தாய். மலாயில் தாமரை என்று அர்த்தம், ரோட்டுப் பேரு அது. சிவகங்கா கிளஸ்டரில் பாதிக்கப்பட்டவங்க ஐம்பது பேர் கூட இல்லை, தெராத்தாயில் ஐயாயிரத்தைத் தாண்டுச்சு. இப்போ யாரையாவது கேளுங்க, சிவகங்கா ஞாபகம் இருக்கும், தெராத்தாய் ஞாபகம் இருக்காது. நானும் தொழிற்சாலையில் சூப்பர்வைசரா இருக்கிறவன். ஒரே அறையில் அத்தனை பேர் எப்படிப் படுத்தாங்க என்ற கேள்வி அந்தப் பேரைக் கேட்கும்போது யாருக்கும் தோணல. தாமரை பூவாச்சே, பயமும் வரல, கோபமும் வரல.

2021 மே மாதம் எங்கே பார்த்தாலும் இந்திய வகைக் கிருமி என்ற பேச்சு. அந்த மாதம்தான் சிங்கப்பூர் சுவா சூ காங்கில், வேகநடை போய்க்கிட்டு இருந்த ஒரு இந்திய மாது, முகக்கவரியை இறக்கி விட்டிருந்தார்னு சொல்லி இனப் பேரால் திட்டப்பட்டுத் தாக்கப்பட்டார். அதே மாதம் டில்லி முதலமைச்சர் கெஜ்ரிவால் சிங்கப்பூர் வகைக் கிருமின்னு ஒன்னு குழந்தைகளைத் தாக்குதுன்னு எழுத, சிங்கப்பூர் அரசாங்கம் அப்படி ஒன்னுமே இல்லைன்னு மறுத்தது. பந்து மாதிரி நாட்டுப் பேரைத் தூக்கி எறிஞ்சு விளையாடுறாங்க பாருங்க. மே 31-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் இந்திய வகைக்கு டெல்டான்னு கிரேக்க எழுத்தைப் பேரா வச்சது. அதுக்கப்புறம் டெல்டா எத்தனையோ பேரைக் கொன்றது, ஆனால் டெல்டாக்காரன்னு யாரையும் யாரும் அடிக்க முடியல.

நம்ம பெரியவங்க என்ன பேரு வச்சாங்க? அம்மை. வீட்டுக்குள்ள அம்மா வந்திருக்கா, முத்துப் போட்டிருக்கு. தோட்டத்து லயத்தில் வாசல்ல வேப்பிலை தொங்கினால் போதும், யாரும் உள்ளே வர மாட்டாங்க, நோயாளியைத் திட்டவும் மாட்டாங்க. தாளிப்பு கிடையாது, சத்தம் கிடையாது, மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் வெளியே வரக்கூடாது. தனிமைப்படுத்துதல் என்ற வார்த்தை இல்லாமலே அது நடந்தது, அதில் அவமானம் இல்லை. ஆனால் உள்ளதைச் சொல்லணும். அதே பேரு, ஊசி போட்டால் அம்மா கோவிச்சுக்குவான்னு பயத்தையும் கொடுத்தது. பெரியம்மையை ஒழிச்சது ஊசிதான், 1980-ல் உலகத்திலேயே இல்லைன்னு அறிவிச்சாங்க. மாரியம்மாவுக்கு அதில் கோபம் ஒன்னும் இல்லை, இன்னும் ஆடி மாதம் கூழ் வாங்கிக்கிட்டுத்தான் இருக்கா.

இப்போ குழு விஷயம். நிர்வாகத்துகிட்ட பேசிட்டுத்தான் எழுதுறேன். வியாதி பத்தின செய்தி எதுவா இருந்தாலும் தேதி, எந்த மாவட்டம், எத்தனை பேர்னு மூணும் இல்லாமல் குழுவில் போட்டால் நான் நீக்கிடுவேன், கோவிச்சுக்காதீங்க. பழனி போற அம்மா, நீங்க தாராளமா போயிட்டு வாங்க. அப்புறம், உபயக்காரர் ஒருத்தர் வீட்டில் பிள்ளைகளுக்குத் தண்ணியம்மை போட்டிருக்கு. கிளினிக்கில் காட்டியாச்சு. மூணாம் தண்ணி ஊத்தின பிறகு வர்றதா சொல்லியிருக்காங்க, அதனால் இந்த வெள்ளிக்கிழமை உபயம் அடுத்த வெள்ளிக்கு மாறுது.