மொந்த்ரோவில் எழுந்த புகை

அக்காவின் மகனுக்குப் போன நத்தாருக்கு ஒரு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கிக் கொடுத்தோம். ஒரு கிழமைகூட ஆகவில்லை, "மாமா, கேளுங்கோ" என்று ஒரு மெட்டை வாசித்துக் காட்டினான். நான்கே சுரங்கள், திரும்பத் திரும்ப. கிட்டார் தொட்டவர்களில் பாதிப் பேர் முதலில் பழகுவது அதைத்தான். நானும் பள்ளி இசையறையில் அதைத்தான் பழகினேன். டீப் பர்ப்பிள் குழுவின் "ஸ்மோக் ஒன் த வோட்டர்".

"இது எங்கே நடந்த கதை, தெரியுமோ?"

"இங்கிலாந்து?"

"குழுதான் இங்கிலாந்து. கதை எங்கட சுவிஸில் நடந்தது."

அவன் நம்பவில்லை. நானும் அந்த மெட்டைப் பழகிப் பல வருடங்களுக்குப் பிறகுதான் அறிந்தேன். பேர்னில் ரயிலேறினால் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்தில் ஜெனீவா ஏரிக்கரையில் மொந்த்ரோ வரும். அங்கேதான்.

டீப் பர்ப்பிள் 1968இல் தொடங்கியபோது புரொகிரஸிவ் ரொக் பக்கம் சாய்ந்த குழு. 1969இல் லண்டன் ரோயல் அல்பேர்ட் மண்டபத்தில் முழு ஓர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசித்தார்கள். பிறகு சத்தம் கூடியது. ஆனால் மேடையில் வரும் வேகம் ஒலிப்பதிவுக்கூடத்தில் வரவில்லை என்பது அவர்களுடைய மனக்குறை. அதனால் மேடை உள்ள ஒரு வெறும் மண்டபத்தில் அடுத்த இசைத்தட்டைப் பதிய நினைத்தார்கள். மொந்த்ரோ கசினோ குளிர்காலத்துக்கு மூடவிருந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவிடம் ஒரு ஒலிப்பதிவு லொறி இருந்தது, கூடத்துக்குரிய கருவிகள் எல்லாம் அதற்குள்ளேயே. அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டு 1971 டிசெம்பரில் வந்து சேர்ந்தார்கள்.

மூடுவதற்கு முன் கடைசி நிகழ்ச்சி டிசெம்பர் 4, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஃபிராங்க் ஸப்பாவும் அவருடைய குழுவும். டீப் பர்ப்பிள்காரரும் பார்க்கப் போயிருந்தார்கள். நடுவில் பார்வையாளர் ஒருவர், கப்பல்கள் ஆபத்தில் அடையாளம் காட்டச் சுடும் வெளிச்சத் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட்டார். கூரையில் பிரம்பு வேய்ந்திருந்தார்கள். பொறியியல் படித்தவன் என்பதால் அந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஒரு நடுக்கம் வரும். காய்ந்த பிரம்பு, நிறைந்த மண்டபம், அதற்குள் தீ.

ஆனால் ஒருவரும் சாகவில்லை. ஸப்பா மேடையில் நின்று, பதறாமல் வெளியேறச் சொன்னார். மொந்த்ரோ ஜாஸ் விழாவை 1967இல் தொடக்கியவர்களில் ஒருவரான குளோட் நோப்ஸ் உள்ளே ஓடிப்போய் இளைஞர்களை வெளியே இழுத்து வந்தார். கசினோ முழுதாக எரிந்தது. ஸப்பா குழுவின் கருவிகளும் எரிந்தன. (பாவம் அந்த மனுசன். ஆறு நாள் கழித்து லண்டனில் ஒருவர் அவரை மேடையிலிருந்து தள்ளிவிட, பல மாதம் சக்கர நாற்காலியில் இருந்தார்.)

டீப் பர்ப்பிள்காரர் விடுதி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகை ஏரி நீரின்மேல் படர்ந்து கிடந்தது. சில நாள் கழித்து பேஸ் கிட்டார் வாசிக்கும் ரொஜர் குளோவர் ஒரு காலை தூக்கத்திலிருந்து எழும்பும்போது, "நீரின்மேல் புகை" என்ற சொற்கள் வாயில் வந்தன.

மண்டபம் போய்விட்டது, லொறி மிஞ்சியது. எங்கள் ஐ.டி. பாசையில் சொன்னால், சேர்வர் எரிந்து லப்டொப் தப்பிய கதை. நோப்ஸ் அவர்களுக்குப் பவிலியன் என்ற வேறு மண்டபத்தைப் பிடித்துக் கொடுத்தார். முதல் இரவே அயலவர் முறைப்பாடு, பொலிஸ் வந்தது. வாசித்து முடியும்வரை உதவியாளர்கள் கதவை உள்ளேயிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்படித் தப்பிய ஒரேயொரு பதிவுதான் இன்று நாங்கள் கேட்கும் இந்தப் பாட்டின் இசை. ரிச்சி பிளக்மோரின் அந்த நான்கு சுரங்களும் அதிலேயே இருக்கின்றன. சொற்கள் இன்னும் இல்லை.

மிச்சத்தைக் குளிர்காலத்துக்குப் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய விடுதியின் நடையில், மெத்தைகளைச் சுற்றி அடுக்கிப் பதிந்தார்கள். லொறி வெளியே நின்றது. பதிந்ததைக் கேட்க, அறைகளுக்குள்ளால் பல்கனியில் ஏறி, குளிரில் சுற்றிப் போகவேண்டும். அலுத்துப்போய்க் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

கடைசியில் இசைத்தட்டை நிரப்ப இன்னும் சில நிமிடங்கள் தேவைப்பட்டன. பவிலியனில் பதிந்த இசை கையில் இருந்தது. அதற்குப் பாடகர் இயன் கிலனும் குளோவரும் நடந்ததை அப்படியே எழுதினார்கள். ஊர்ப் பெயர், ஸப்பா, லொறி, விடுதி, நோப்ஸ் எல்லாம் அதில் வரும். நாட்குறிப்பு என்றே சொல்லலாம். இது பெரிதாக எடுபடும் என்று அவர்கள் நினைக்கவில்லை. "மெஷின் ஹெட்" 1972 மார்ச்சில் வந்தபோது தனித்தட்டாக வேறு பாட்டைத்தான் விட்டார்கள். மேடையில் கேட்ட சனம்தான் இதைப் பிடித்துக்கொண்டது. அந்த ஓகஸ்டில் யப்பானில் நேரடியாகப் பதிந்த வடிவத்தைக் கேட்டுப் பாருங்கள். எனக்கு அதுதான் மூலத்தைவிடப் பிடிக்கும். 1973இல் தனித்தட்டாக வந்து அமெரிக்காவில் நான்காம் இடம்வரை போனது. அதன்பிறகு இது இல்லாமல் அவர்கள் கச்சேரியை முடிப்பது அரிது.

போன மாசி விடுமுறையில் அவனையும் அப்பாவையும் மொந்த்ரோவுக்குக் கூட்டிப் போனேன். கரையில் இந்தப் பாட்டுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது, மெட்டின் சுரக்குறிகளோடு. அவன் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தான். கதையைக் கேட்ட அப்பா,

"ஒருத்தரும் சாகேல்லையோ?" என்றார்.

"இல்லை அப்பா."

"அப்ப கொடுத்து வைச்ச நெருப்பு."

கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். 1981 யூன் முதலாம் திகதி விடிய, யாழ்ப்பாண நூலகம் எரிந்த புகையைத் தன் வீட்டு முற்றத்தில் நின்று பார்த்ததைச் சொன்னார். 97,000 புத்தகங்கள். எனக்கும் அவர் அதை அதற்குமுன் சொன்னதில்லை.

"அதுக்கு ஆரும் பாட்டு எழுதேல்லையோ, அம்மப்பா?"

"கவிதை எழுதினவை. நுஃமான் எண்டு ஒருத்தர். 'புத்தரின் படுகொலை' எண்டு பேர்."

திரும்பி வரும் ரயிலில் அவன் அதைத் தன் போனில் தேடி எடுத்தான். அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். லவுசான் தாண்டும்வரை அப்பா பக்கத்தில் இருந்து திருத்திக்கொண்டு வந்தார்.