மகாலை வரைந்த வெள்ளைக்காரர்களும் ஒரு லாட்டரியும்

நம்ம மதுரையின் பழைய படங்களைத் தேடினால், திருமலை நாயக்கர் மகால் இடிந்து கிடக்கிற ஓவியங்கள் கண்ணில் படும். அவற்றில் பெயர் பெற்றவை தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் வரைந்தவை. 1792-ல் இருவரும் மதுரை வந்தார்கள். வில்லியமுக்கு அப்போது கிட்டத்தட்ட நம்ம வயசுதான்!

பி.காம். புத்தி, முதலில் கணக்கைத்தான் கேட்டது. பயணச் செலவுக்குக் காசு ஏது? வட இந்தியாவில் வரைந்த ஓவியங்களைக் கல்கத்தாவில் லாட்டரி விட்டுப் பணம் திரட்டித்தான் தெற்கே கிளம்பினார்கள். நேரமும் சரியான நேரம். 1792-ல்தான் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து, திப்பு தன் நாட்டில் பாதியை இழந்தார். திண்டுக்கல் கம்பெனி கைக்குப் போனது. ஜெயித்த ஊர்கள் எப்படி இருக்கும் என்று பார்க்க லண்டனில் ஆவல்.

பென்சிலில் கோடு, மேலே நீர்வண்ணம். மகால், புது மண்டபம், தெப்பக்குளம் எல்லாம் இப்படித்தான் லண்டன் போயின. அங்கே செப்புத் தகட்டில் பதித்து, அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டி, 1795 முதல் 1808 வரை 144 படங்களாக வெளியிட்டார்கள். முழுத் தொகுப்பின் விலை 210 பவுண்டு. பணக்காரர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும்.

இப்போது அந்த வருடங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். 1799-ல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். அதே வருடம் மதுரைச் சீமை முழுக்கக் கம்பெனி வசமானது. இங்கே ரத்தம் ஓடிக்கொண்டிருந்தபோது, லண்டன் வரவேற்பறையில் அமைதியான மதுரையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓவியர்கள் பொய் வரைந்தார்கள் என்று சொல்லவில்லை. மகால் நிஜமாகவே இடிந்துதான் கிடந்தது. கம்பெனி வருவதற்கு நூறு வருடம் முன்பே சொக்கநாத நாயக்கர் அதன் பகுதிகளைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோயிருந்தார். ஆனால் பாழடைந்த கட்டடம் என்றால் அன்றைய ஐரோப்பியருக்குத் தனி ரசனை. பழைய ராஜா போய்விட்டார், இடம் காலி என்ற நினைப்பையும் அந்தப் படங்கள் சத்தமில்லாமல் விதைத்தன என்பது என் கருத்து.

இன்னொரு பக்கமும் உண்டு. 1866-72 காலத்தில் ஆளுநர் நேப்பியர் மகாலைப் பழுதுபார்த்தார். இன்று நாம் டிக்கெட் எடுத்துப் பார்ப்பது அந்த மகாலைத்தான். அதற்கு முன் அது எப்படி இருந்தது? 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. அதற்கும் முந்தைய நிலைக்கு இந்த ஓவியங்களைத்தான் தேடிப் போக வேண்டும்.

அதனால் இந்தப் படங்களை ஒதுக்க வேண்டாம். அழகை ரசிப்போம். கூடவே, யார் காசில், யாருக்காக வரைந்தது என்றும் கேட்போம்.