துபாக் அமாரு மாவட்டம்

பெரு நாட்டின் தெற்கே, குஸ்கோ வட்டாரத்தின் கானாஸ் மாகாணத்தில் அடங்கிய மலைநாட்டு மாவட்டம். தலைமையூர் துங்காசுகா, ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் ஓர் ஏரியை ஒட்டியுள்ளது. மக்களில் பெரும்பாலோருக்குத் தாய்மொழி கெச்சுவா. உருளைக்கிழங்கும் பார்லியும் பயிராகின்றன. ஆடுமாடு வளர்ப்பும் உண்டு.

இன்காக்களுக்கு முன்பு இப்பகுதி கானா குடியினருடையது. ஸ்பானியர் ஆட்சியில், பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு முறைவைத்து ஆள் அனுப்பும் 'மித்தா' கடமை இவ்வூர்கள்மேல் விழுந்தது. துங்காசுகா, சுரிமானா, பம்பமார்க்கா ஆகிய மூன்று ஊர்களுக்கும் ஒரே குடும்பத்தார் 'குராக்கா' எனும் ஊர்த்தலைவர்களாக இருந்தனர்.

அக்குடும்பத்தில் வந்தவர் ஹோசே கப்ரியேல் கொந்தோர்காங்கி. பிறந்த ஆண்டை 1738 என்பாரும் 1742 என்பாரும் உண்டு. குஸ்கோவில் குராக்கா பிள்ளைகளுக்கென ஏசு சபையார் நடத்திய பள்ளியில் படித்தார். சுமார் 350 கோவேறு கழுதைகள் வைத்துச் சரக்குப் போக்குவரத்து நடத்தியதால், மலைவழிகளும் சந்தைகளும் சாவடிகளும் அவருக்கு அத்துப்படி. 1572இல் தலை வெட்டப்பட்ட கடைசி இன்கா துபாக் அமாருவின் வழித்தோன்றல் தாமே என்று வழக்காடி, துபாக் அமாரு என்ற பெயரையே தாமும் சூடிக்கொண்டார். எதிர்த்து வழக்காடியோரும் இருந்தனர். மித்தாவிலிருந்து தம் மக்களுக்கு விலக்குக் கேட்டு லீமா வரை போய் வந்தும் பலனில்லை.

1780 நவம்பர் 4 அன்று, யனாவோக்காவில் பாதிரியார் வீட்டு விருந்து முடிந்து திரும்பிய மாகாண அதிகாரி அந்தோனியோ தெ அரியாகாவை அவர் சிறைபிடித்தார். தேவையற்ற சரக்குகளைக் கொள்ளை விலைக்கு மக்கள் தலையில் கட்டியதாக அரியாகா மீது குற்றச்சாட்டு. பணம், துப்பாக்கி, ஆட்கள் எல்லாம் துங்காசுகாவுக்கு வந்து சேரவேண்டும் என அவரைக்கொண்டே ஓலை எழுதவைத்தனர். நவம்பர் 10இல் தூக்கு. முதலில் போட்ட கயிறு அறுந்துபோக, கழுதை கட்டும் கயிற்றைக் கொண்டுவந்து தண்டனையை முடித்தார்கள் என்கின்றன பதிவுகள். நவம்பர் 16இல் அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கும் ஆணை வெளியானது.

கிளர்ச்சிப் படை நகர்ந்தபின் துங்காசுகாவிலிருந்து காரியங்களை நடத்தியவர் கொந்தோர்காங்கியின் மனைவி மிக்காயேலா பஸ்திதாஸ். தானியம், கோக்கா இலை, துணி, சம்பளப் பணம் எல்லாம் அவர் கைவழியே சென்றன. வழிச்செல்வோருக்கு அனுமதிச் சீட்டும் அவரே கொடுத்தார். குஸ்கோ மீது உடனே படையெடுக்காமல் காலம் கடத்துவதேன் என்று கணவரைக் கடிந்து டிசம்பரில் அனுப்பிய கடிதங்கள், இக்கிளர்ச்சி விட்டுச்சென்ற ஆவணங்களிலேயே உயிர்ப்பு மிக்கவை. அவருக்கு எழுதத் தெரியுமா, எழுத்தரிடம் சொல்லி எழுதுவித்தாரா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. பிறந்த ஊரும் அப்படித்தான்: பம்பமார்க்கா என்று சிலரும், அபங்காய் அருகிலுள்ள தம்புர்கோ என்று வேறு சிலரும் கூறுவர். இவ்வளவு விவரமாவது கிடைப்பதற்குக் காரணம், கைப்பற்றிய தாள்களையெல்லாம் விசாரணைக் கோப்பில் சேர்த்த எதிர்த்தரப்பினர்தான்.

குஸ்கோ முற்றுகை 1781 ஜனவரியில் தோற்றது. ஏப்ரலில் குடும்பத்தார் பிடிபட்டனர். மே 18 அன்று குஸ்கோ சதுக்கத்தில் கணவன், மனைவி, மூத்த மகன் மூவரும் கொல்லப்பட்டனர். துபாக் அமாரு எனப்பட்ட கொந்தோர்காங்கியின் தலையைத் திந்தா ஊருக்கும் ஒரு கையைத் துங்காசுகாவுக்கும் அனுப்பும்படி தீர்ப்பு கூறியது. அதே தீர்ப்பு இன்கா உடை, உருவப்படம், சங்கு ஊதுதல், பழைய நாடகங்கள் ஆகியவற்றைத் தடைசெய்து, நான்கு ஆண்டுகளுக்குள் அனைவரும் ஸ்பானிய மொழி பேசவேண்டும் என்றும் கட்டளையிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அண்டை நகரான சிக்குவானி வரை ரயில் வந்ததும், இம்மாவட்டம் அடங்கிய தென்மலைப் பகுதியில் கம்பளி வணிகம் பெருகியது.

ஹுவான் வெலாஸ்கோ அல்வராதோவின் இராணுவ அரசு 1969இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் இயற்றியபோது துபாக் அமாருவின் உருவத்தைத் தன் சின்னமாக்கிக்கொண்டது. 1975இல் அதே அரசு கெச்சுவாவை ஆட்சிமொழியாக்கியது. 2011ஆம் ஆண்டின் மொழிச் சட்டம், அரசு அலுவலகங்களில் தாய்மொழியில் சேவை பெறும் உரிமையை அளிக்கிறது. அண்மைக்காலத்தில் பம்பமார்க்கா, அக்கோப்பியா, பொமகாஞ்சி ஏரிகளைச் சுற்றிக்காட்டும் பயணங்களில் துங்காசுகாவும் இடம்பெறுகிறது.