கண் பெரிதா, உயிர் பெரிதா? – ஒரு கண் புற்றுநோய் மருத்துவரின் கதை



கண் வைத்தியம் என்றதும் நம் தஞ்சாவூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருபவர் சரபோஜி மன்னர். அவர் காலத்து நோயாளிகளின் கண் படங்களும் சிகிச்சைக் குறிப்புகளும் இன்றும் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. அவர் ஆண்ட அதே காலத்தில், 1809-இல், ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் வார்ட்ராப் குழந்தைகளின் கண்ணுக்குள் வளரும் ஒரு கட்டியைப் பற்றி எழுதினார். தொடக்கத்திலேயே கண்ணை எடுத்துவிட்டால்தான் உயிர் பிழைக்கும் என்றார். மயக்க மருந்தே இல்லாத காலம் அது!

அந்த நோயின் பெயர் ரெட்டினோபிளாஸ்டோமா. விழித்திரையில் வரும் புற்றுநோய். பெரும்பாலும் 5 வயதுக்குள் வந்துவிடும். கருவிழியின் நடுவில் வெள்ளையாக மின்னும். நம் கிராமங்களில் "பூனைக்கண்" என்று சொல்லி, அழகு என்றுகூட விட்டுவிடுவார்கள். கட்டி கண்ணைத் தாண்டி நரம்பு வழியாக மூளைக்குப் போனால் காப்பாற்றுவது மிகக் கடினம்.

1971-இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன் 48 குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்து, ஒரே மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டால்தான் இந்தக் கட்டி வருகிறது என்று கணித்தார். 1986-இல் அந்த மரபணுவே கண்டுபிடிக்கப்பட்டது. சில குடும்பங்களில் இது பரம்பரையாக வருவதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

இந்தியாவில் இந்தத் துறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் சந்தோஷ் ஹோனாவர். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், கண் புற்றுநோய் சிகிச்சையில் உலகப் புகழ்பெற்ற ஷீல்ட்ஸ் தம்பதியரிடம் பயின்றார். பிறகு ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் பணியாற்றினார். அதற்குப் பெயரும் நன்கொடையும் தந்தவர் வேறு யாருமல்ல, நம் கோடம்பாக்கத்துப் பிரசாத் ஸ்டுடியோ அதிபர்தான்.

2002-இல் ஹோனாவரும் ஷீல்ட்ஸ் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. கண்ணை எடுத்த பிறகும் ஆபத்து மிச்சமிருந்த 80 நோயாளிகளைப் பார்த்தார்கள். கீமோதெரபி கொடுக்கப்படாதவர்களில் 24 சதவீதம் பேருக்கு நோய் உடலில் பரவியது. கொடுக்கப்பட்டவர்களில் 4 சதவீதம் பேருக்குத்தான் பரவியது. எடுத்த கண்ணை நுண்ணோக்கியில் கவனமாகப் பரிசோதிப்பது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2009-இல் அவருக்கு சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்தது. நம் நாட்டில் விஞ்ஞானிகளுக்கான பெரிய கௌரவம் அது.

இன்று எல்லாக் குழந்தைக்கும் கண்ணை எடுக்க வேண்டியதில்லை. சீக்கிரம் வந்தால் கீமோதெரபியால் கட்டியைச் சுருக்கி, லேசராலோ உறைய வைத்தோ அழித்துவிடுகிறார்கள். மருத்துவர்கள் வைத்திருக்கும் வரிசை இதுதான்: முதலில் உயிர், அடுத்து கண், அதற்கடுத்துதான் பார்வை.

ஆனால் பெற்றோர் மனசு இந்த வரிசையை எளிதில் ஏற்பதில்லை. ஆசிரியர் வேலையில் நான் பார்த்தது இது. "கண்ணை எடுக்கணும்" என்றதும் ஆஸ்பத்திரிப் பக்கமே திரும்பாமல், நாட்டு மருந்தும் நேர்த்திக்கடனுமாக மாதங்களைக் கழித்துவிடுவார்கள். பெண் குழந்தையென்றால் "நாளைக்கு யார் கட்டிப்பா?" என்ற கவலை வேறு. அந்த மாதங்களில் கட்டி சும்மா இருப்பதில்லை. அறுவடை முடியட்டும், கையில் காசு வரட்டும் என்று காத்திருக்கிற நோய் இல்லை இது. செயற்கைக் கண் பொருத்திக்கொண்டு படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்துபவர்கள் எத்தனையோ பேர்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஃபிளாஷ் போட்டு எடுத்த குழந்தையின் போட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தாலோ, புதிதாக மாறுகண் வந்தாலோ, அந்த வாரமே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லா வெள்ளையும் புற்றுநோய் அல்ல, கண்புரையாகவும் இருக்கலாம். அதையும் மருத்துவரே சொல்லட்டும்.

அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இதைத் தெரியப்படுத்துங்கள்.